மாஸ்டர் பார்க்காமல் வாங்கிய வீடு

என் அக்கா வீட்டுக்காரரை எல்லோரும் டேப்பு மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றி ஆணியில் மாட்டுவார். வெளியே வந்ததும் துண்டுக்கு முன்னால் டேப்தான் தோளில் ஏறும். ஆட்களின் பெயர் அவருக்கு மனதில் நிற்காது. "அந்த நாப்பத்திரண்டு இடுப்பு வந்தாரா? சரிஞ்ச தோள்காரர் சட்டையை எடுத்துட்டுப் போனாரா?" என்றுதான் கேட்பார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், "நல்ல மனுஷன். முப்பத்தெட்டு மார்பு. ஒரு சுருக்கம் விழாது" என்று சொல்லிவிட்டு வந்தவர். அதைக் கேட்டு அதிகமாக அழுதவர்களும் உண்டு.

நான் அவர் கடையில் காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதுமாக இருந்தேன். அதனால் இந்த வீட்டு விவகாரத்தை ஆரம்பத்திலிருந்து பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

வேறு மாநிலத்தில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனி அவரை கட்டிங் மாஸ்டராக வரச் சொன்னது. அதே சமயம் நாங்கள் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போவதாக அதன் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். கம்பெனிக்குப் பக்கத்தில், நகரத்துக்கு வெளியே, புதிதாக வரிசை வீடுகள் கட்டி விற்கிறார்கள் என்று தகவல் வந்தது. அத்தானுக்கு ஒரே குஷி. அக்காதான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அக்காவுக்குப் பார்வை இல்லை. ஒரேயடியாகப் போகவில்லை. ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுருங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் முழுசாக மூடிக்கொண்டது. ஆனால் அந்த வாடகை வீட்டில் புதிதாக வருகிறவர்களுக்கு அது தெரியாது. டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஃபேன் போடலாமே, வேர்க்குது போல" என்பாள். அடியை எண்ணி நடப்பாளா என்று சிலர் கேட்பார்கள். "என் வீட்டுல நான் எதுக்கு எண்ணணும்? காலுக்குத் தெரியாதா?" என்பாள்.

அன்று சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேசினாள்.

"நான் வரணும்னா ஒண்ணு இருக்கு. இங்க நான் யார் கையும் பிடிக்காம நடமாடுறேன். அங்கயும் அப்படித்தான் நடக்கணும். போன அன்னிக்கே என் அடுப்பை நானே பத்த வைக்கணும். என்னைச் சோபால உக்கார வெச்சு, பொம்மைக்குக் குடுக்கிற மாதிரி டீ குடுக்கிற வாழ்க்கை எனக்கு வேணாம். முடியாதுன்னா நீங்க போய்ச் சம்பாதிச்சு அனுப்புங்க. நானும் தங்கச்சியும் இங்கயே ஒரு ரூம் பாத்துக்கறோம்."

"இவ்வளவுதானே?" என்றார் அத்தான். அவர் அப்படிச் சொன்னால் பெரிதாக ஏதோ இழுத்துவிடப் போகிறார் என்று அர்த்தம்.

அந்த ஊர்ப் புரோக்கர் ஒரு வீடியோ அனுப்பினான். சின்ன வயசுப் பையன், தமிழ் பேசத் தெரிந்தவன். தன் முகத்தின் மேல் அவனுக்கு நல்ல அபிப்பிராயம் போல. வீட்டைக் காட்டுகிறேன் என்று முழுக்க முழுக்கத் தன் முகத்தையே எடுத்திருந்தான். அவன் காதுக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஹால், தாடைக்குக் கீழே கொஞ்சம் தரை, தலைமுடிக்கு மேலே ஃபேன் கொக்கி. மீதியெல்லாம் சிரிப்பு.

அத்தான் போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில், "ஐயோ!" என்றார்.

"என்னங்க, செவுத்துல விரிசலா?" என்றாள் அக்கா.

"சட்டைம்மா! ஆம்பளைச் சட்டைக்குப் பொம்பளைப் பக்கம் பட்டன் வெச்சிருக்கான். பாக்கெட்டு வேற வலப்பக்கம். இதைப் போட்டுக்கிட்டு வெக்கமில்லாமச் சிரிக்கிறான்."

நானும் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். "வாட்சைக்கூட வலது கையில கட்டியிருக்காரு அத்தான்."

"அந்த ஊர்ல எல்லாமே அப்படித்தான் போல. சின்னவளே, ஒரு மாநிலத்துக்கே சட்டை தைக்கத் தெரியல! நாம போய் இறங்கினாப் போதும், தலையில தூக்கி வெச்சு ஆடுவானுங்க."

அந்த நிமிஷமே வீட்டை வாங்குவது என்று முடிவாகிவிட்டது. வாங்கியவர் வீட்டைப் பார்த்தாரா என்று கேட்டால், சட்டையைப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு வீட்டையும் பார்த்தார். அவர் பார்த்த விதம் வேறு. புரோக்கரின் தோள் பதினேழரை அங்குலம் என்று கண்ணாலேயே அளந்தார். அந்தத் தோளை வைத்து ஹாலை அளந்தார், கதவை அளந்தார், சமையல் மேடையின் உயரத்தைப் பையனின் இடுப்பை வைத்துக் கணக்குப் போட்டார். பையன் முன்னால் நடக்க நடக்க அவன் முதுகுக்குப் பின்னால் இருப்பதுதானே படத்தில் தெரியும்? அதையும் யோசித்து இடம் வலத்தைச் சரியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். வாசலில் நுழைந்ததும் சமையலறை வலது கைப் பக்கம், படுக்கையறை இடது கைப் பக்கம், குளியலறை கோடியில் என்று, சட்டைக்குப் பேட்டர்ன் வெட்டுவது போலப் பழுப்புப் பேப்பரில் வெட்டி முடித்தார்.

"புரோக்கர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே அத்தான், எது எந்தப் பக்கம்னு?"

"கண்ணால பாத்ததை வாயால கேக்கணுமா?"

அப்புறம் மொட்டை மாடியில் வீடு கட்ட ஆரம்பித்தார். கயிறு கட்டி, கடையில் மிஞ்சிய லைனிங் துணியையும் பழைய படுக்கை விரிப்புகளையும் தைத்துத் தொங்கவிட்டு, நிஜ அளவில் ஒரு வீடு. கதவு இருக்கும் இடத்தில் துணியை வெட்டி ஓரம் அடித்திருந்தார். ஜன்னலுக்குக் கொக்கி வைத்திருந்தார். வாசலில் பழைய மரக் கேட் ஒன்றை நிறுத்தி, படத்தில் பார்த்த பக்கத்திலேயே தாழ்ப்பாள் போட்டு, ஒரு சைக்கிள் மணியையும் கட்டினார். அக்காவின் அடுப்பையும் பாத்திர ஸ்டாண்டையும் மேலே தூக்கிக்கொண்டு போனோம். குடித்தனம் மாடிக்கு மாறியது.

அத்தான் அந்த வீட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ள யாரையும் விடமாட்டார். துணியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்த பால்காரரைப் பிடித்துக்கொண்டார். "செவுத்து வழியா வர்றீங்களே, நீங்க என்ன பேயா? சுத்திப் போய் மணி அடிச்சுட்டு வாங்க!" பால்காரர் சுற்றிப் போய் மணி அடித்தார். "யாரு?" என்றார் அத்தான், இந்தப் பக்கம் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

காற்று அடித்தால்தான் தொல்லை. கீழ்வீட்டு நர்ஸ் மாடிப்படியில் நின்று கத்துவாள். "மாஸ்டர், உங்க பெட்ரூம் எங்க பால்கனியில விழுந்து கிடக்கு, வந்து எடுத்துக்கங்க!" ஒருநாள் நல்ல மழை. வீட்டைப் பிழிந்து காயப்போட்டோம்.

ஆனால் அக்கா கற்றுக்கொண்டாள். அதைச் சொல்லத்தான் வேண்டும். கிளம்புகிற சமயத்தில் அந்தத் துணி வீட்டில் அவள் விரல் ஒரு சுவரிலும் படாது. கேட்டைத் திறந்தால் நேராக உள்ளே வந்து, வலது கைப் பக்கம் திரும்பி, தீப்பெட்டியை எடுத்து அடுப்பைப் பற்ற வைத்துவிடுவாள். "பரவாயில்லை, உங்களுக்கும் மூளை இருக்கு" என்று அத்தானிடம் சொன்னாள். அவர் அன்றைக்கு முழுக்கத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு ஒரு பேன்ட்டை இரண்டு தடவை வெட்டினார்.

ரயிலில் போய் இறங்கினோம். சாமான் வண்டி முதல் நாளே வந்து எல்லாவற்றையும் இறக்கியிருந்தது. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கேட்டுகள், வரிசை வரிசையாக. இரண்டிரண்டு வீடாக ஒட்டிக் கட்டியிருந்தார்கள். புரோக்கர் சிரித்த முகத்தோடு நின்றான். அதே சட்டை.

அத்தான் வீட்டைப் பார்க்கவில்லை. அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இது வீடியோல போட்டிருந்த சட்டைதானே?"

"ஆமா சார், எனக்கு ராசியான சட்டை."

"பட்டனை எப்ப மாத்தித் தைச்சீங்க?"

"மாத்தலயே சார்."

"பாக்கெட்டு இடப்பக்கம் வந்திருக்கு?"

"அது எப்பவும் அங்கதான் சார் இருக்கு." பையன் நெஞ்சைக் கையால் மூடிக்கொண்டான். அந்தக் கையில் வாட்ச் இருந்தது. இடது கை.

"அந்த வீடியோவை எதுல எடுத்தீங்க?"

"செல்ஃபில சார். முகத்தைப் பாத்து எடுக்கிறது. வெறும் வீட்டைக் காட்டினா யார் சார் கடைசி வரைக்கும் பாப்பாங்க? என் போன்ல அது கண்ணாடி மாதிரி இடம் வலமாத் திருப்பிக் காட்டும். அதனால என்ன இப்ப?"

அதனால் என்ன என்பது உள்ளேயிருந்து கேட்டது. இவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அக்கா கேட்டைத் தாண்டி உள்ளே போயிருந்தாள். வலது பக்கம் வேகமாகத் திரும்பியிருந்தாள். அங்கே சமையலறை இல்லை. சுவர் இருந்தது. நல்ல கெட்டியான, புதுச் சுவர்.

நான் ஓடியபோது நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். அத்தான் வாசலிலேயே நின்று, "ஒரே பேட்டர்னைத் திருப்பிப் போட்டுச் சட்டைக்கு ரெண்டு கையும் வெட்டுறவன் நான்! எனக்கே திருப்பிக் காட்டிட்டானே!" என்று புலம்பினார். அளவு மட்டும் அரை அங்குலம்கூடத் தப்பவில்லை. எல்லாம் அவர் சொன்ன அகலம், அவர் சொன்ன உயரம். பக்கம்தான் வேறு.

அன்றைக்கு டீயை நான்தான் போட்டு அக்கா கையில் கொடுத்தேன். வாங்கினாள், குடிக்கவில்லை.

"டிக்கெட் போடுங்க. நானும் இவளும் திரும்பிப் போறோம்."

"கம்பெனியில சேர்ற தேதி வரைக்கும் பொறுத்துக்க. அதுக்குள்ள இதைச் சரி பண்ணிடறேன்."

"வீட்டைப் பிரிச்சுத் தைப்பீங்களா?"

அவர் அதையும் யோசித்துப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் காலையில் அக்காவைப் பின்னோக்கி நடக்கச் சொன்னார். "முதுகைக் காட்டிட்டு உள்ள வா. அப்ப உன் வலது கைப் பக்கம் என்ன வருது பாரு!" அக்கா எரிச்சலோடு பின்னால் பின்னால் நடந்தாள். உண்மையாகவே சமையலறை அவள் வலது கைப் பக்கம் வந்துவிட்டது. அத்தான் கை தட்டினார். ஆனால் உள்ளே போனால் அடுப்பு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"இப்படியே நின்னு சமைக்கவா?" என்றாள்.

மூன்றாம் நாள் ஒரு காரியம் நடந்தது. யாரிடமும் கேட்கக்கூடாது என்ற வீம்பில் அக்கா குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு தனியாகத் தெருத் தொட்டிக்குப் போனாள். திரும்பி வரும்போது கேட்டைத் தடவினாள். தாழ்ப்பாள் பழகின பக்கத்தில் கைக்கு வந்தது. திறந்து உள்ளே போனாள். நேராக நடந்தாள், வலது கைப் பக்கம் திரும்பினாள். சமையலறை. மேடை. அடுப்பு. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது.

ஒட்டியிருந்த பக்கத்து வீடு அது. எங்கள் வீட்டைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படிக் கட்டியது.

அந்த வீட்டுக்காரர் மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடிங் எடுத்து ரிட்டயர் ஆனவர். நம்ம தமிழ்க்காரர்தான், பல வருஷம் முன்னால் அங்கே போய்த் தங்கிவிட்டவர். ஆயுசு பூரா அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து நுழைந்து வந்தவருக்கு, தன் வீட்டுக்குள் ஒருத்தர் கேட்காமல் நுழைந்தது அதுதான் முதல் தடவை. பேப்பரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் தேடிக்கொண்டு போனபோது அக்கா அங்கே இரண்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பாலைச் சுட வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா," என்றார் அவர் என்னிடம் ரகசியமாக, "இவங்க யாரு? எங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சவங்களா? நான் எதுவும் கேக்கலாமா கூடாதா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அக்காவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. என் தோளைக்கூடப் பிடிக்காமல் விறுவிறுவென்று வெளியே வந்தாள். அந்த வீட்டில் அவளால் முடிந்தது.

இதைக் கேட்டதும் அத்தான் டேப்பை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தார். "வீடு மாத்திக்கலாம்!"

அன்றிலிருந்து தினமும் என்னையும் இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவார். டேப்பின் மறு நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும் அவருக்கு. ஒவ்வொரு அறையாக அளந்து காட்டி, "பாருங்க சார், ஒரே துணி, ஒரே அளவு. நாங்க இடது கை, நீங்க வலது கை. அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார்.

"அப்ப நீங்களே இடது கையா இருந்துட்டுப் போங்களேன்," என்றார் மீட்டர் சார்.

"என் வீட்டம்மா ஊருக்குப் போயிடுவா சார்."

"அப்படியா?" என்று மீட்டர் சார் கொஞ்சம் யோசித்தார். "எங்க வீட்டம்மா அப்படியெல்லாம் சொன்னதே இல்லையே."

"காதுல விழுது!" என்று உள்ளேயிருந்து மீட்டரம்மாவின் குரல் வந்தது.

அத்தான் விடவில்லை. மீட்டர் சாருக்கு இரண்டு பேன்ட் தைத்தார். ஜன்னலுக்கெல்லாம் திரை தைத்தார். மீட்டரம்மாவிடம், எங்கள் பக்கத்துக் கொல்லையில் சாயங்காலம் வரை வெயில் இருக்கிறது, துணி மொறமொறவென்று காயும் என்றார். மீட்டர் சாரிடம், அந்தப் பக்கத்து வீட்டு நாய்க்கும் உங்கள் காதுக்கும் நடுவில் இன்னொரு வீடு வந்துவிடும், நிம்மதியாகத் தூங்கலாம் என்றார். வெயிலும் நாயும் வேலை செய்ய ஆரம்பித்தன.

இந்த நாட்களில் அக்கா வீட்டில் தனியாக இருந்தாள். நாங்கள் திரும்பும்போதெல்லாம் ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்கும். வாளி வேறு மூலையில் இருக்கும். தீப்பெட்டி மேடையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்திருக்கும். அவள் முழங்கையில் புதுசாக ஒரு காயம் இருக்கும். அத்தானுக்கு எதுவும் கண்ணில் படாது. அவர் கண்ணெல்லாம் பக்கத்து வீட்டில்.

ஒருநாள் கத்தரிக்கோலை மறந்துவிட்டார் என்று நான் மட்டும் திரும்பி வந்தேன். ஹாலில் அக்கா ஒரு சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"நீ இங்கதான் இருப்பியா? இரு. நாளைக்கு நான் வரும்போதும் இங்கயே இரு."

நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு, சின்னவளா? அவர்கிட்ட வாயைத் தொறந்தே, பாரு."

"நான் எதுக்குச் சொல்றேன்? கத்தரி எடுக்க வந்தேன். ரொம்ப அடிபடுதாக்கா?"

"படுது. ஆனா அந்த மாடியில துணிச் செவுத்துல மோதினா அது விலகிப் போயிடும். எங்க மோதினோம்னே தெரியாது. இது விலகாது. ஒரு தடவை வாங்கினா மறக்காது." முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சா மூலைக்கு மூலை மெத்தை தைச்சு ஒட்டிடுவாரு. போ, கத்தரி மிஷினுக்கு இடப்பக்கம் இருக்கு."

இருந்தது.

அவர் கம்பெனியில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மீட்டர் வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். மீட்டரம்மா ஒரு முடிவு எடுத்தால் உட்கார மாட்டாள். "பத்திரமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல கட்டிலைத் தூக்குங்க" என்று தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டு, மதியத்துக்குள் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், பாத்திர மூட்டை எல்லாவற்றையும் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டாள். மீட்டர் சார் தெருவில் தன் சோபாவில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தான் வீட்டுக்குள் ஓடி வந்தார். "மாத்தியாச்சு! கிளம்பு! உன் வீட்டுக்குப் போலாம், எல்லாம் வலது கைப் பக்கம்!"

அக்கா அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"நான் எங்கயும் வரல."

"ஏன்? ஊருக்கா போறே?" அவர் குரலே மாறிவிட்டது. "இன்னிக்குதான் கடைசி நாள்னு தெரியும். அதுக்குள்ள முடிச்சுட்டேனேம்மா."

"ஊருக்கும் போகல. இந்த வீடு எனக்கு வந்துடுச்சு. இப்ப அங்க போனா அதுதான் தலைகீழா இருக்கும்."

"வந்துடுச்சுன்னா? எங்க, ஹால் வரைக்கும் நடந்து காட்டு."

"சட்டையா நானு, போட்டுப் பாக்கிறதுக்கு?" என்றாள். "பசிச்சா உக்காருங்க. இல்லேன்னா போய் அவங்க கட்டிலை உள்ள தூக்கிப் போடுங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் மெதுவாக, அப்போதுதான் அந்த வீட்டுக்குள் முதல் தடவை வந்தவர் மாதிரி, எரியும் அடுப்பையும் அதன் பக்கத்திலிருந்த தீப்பெட்டியையும் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தெருவில் இருக்கும் பீரோ ஞாபகம் வந்து முகம் வெளிறிவிட்டது.

"மீட்டரம்மாகிட்ட யார் சொல்றது?"

அக்காவே போனாள். அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஹாலைத் தாண்டி, கேட்டைத் திறந்து தெருவில் நின்றாள். "மன்னிச்சுக்கங்கம்மா. எனக்கு இந்த வீடே போதும். உங்க சாமானை எங்க வீட்டுக்காரரும் தங்கச்சியும் எடுத்து வெச்சுடுவாங்க. உங்களுக்கும் சேர்த்துதான் சமைச்சிருக்கேன்."

மீட்டரம்மா வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். வெயிலைக் காட்டி ஆசைப்படுத்திவிட்டார் என்றாள். துணி காயப்போட எங்கள் கொல்லையில் ஒரு கொடி அவளுக்கு என்று பேசி முடித்தோம். நாய்க்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பீரோவைத் தூக்கி உள்ளே வைப்பதற்குள் அத்தானுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பாத்திர மூட்டையைப் பிரிக்க யாருக்கும் தெம்பு இல்லை. எல்லோரும் எங்கள் வீட்டுக்கே சாப்பிட வந்தோம்.

உட்காருவதற்கு முன்னால் மீட்டர் சார் கை கழுவக் கிளம்பினார். தன் வீடு என்ற பழக்கத்தில் விறுவிறுவென்று போய் வலப்பக்கம் திரும்பினார். சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அக்கா சமையலறையிலிருந்து எட்டிக் கேட்டாள். "சாரா? அந்தப் பக்கம் இல்ல சார், இந்தப் பக்கம். செவுத்தைத் தடவிட்டே வாங்க, அவசரமில்ல. எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு."